முத்துக்கனியின் நெயில் பாலிஷ்

கோட்டாறு இரும்புக்கடையின் சிமெண்ட் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ராடு உருட்டிக்கொண்டிருக்கிறாள் முத்துக்கனி. ஆளுயர எவர்சில்வர் ராடு ஒன்றைத் தரையில் விட்டு உள்ளங்கையால் ஒரு தள்ளு. அது உருண்டு போகையில் கன்னம் தரையில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து, ராடுக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறாள். தெரிந்தால் வளைவு. "இது வேண்டாம். அடுத்தது." அவள் உட்காரக் கடைக்காரர் நாற்காலி போட்டிருக்கிறார். அதில் அவளுடைய கைப்பை இருக்கிறது. வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடிக்கிறார். அதெல்லாம் அவள் காதில் ஏறாது.

"எல்லாம் ஒரே கட்டுல வந்ததுதான் அக்கா. ஒரே சரக்கு" என்றார் கடைக்காரர்.

"கண்டியா, நெனச்சியா?"

கடைசல் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது அவளிடம் இந்தக் கேள்வியை வாங்கியிருப்பார்கள். நீ கண்ணால் பார்த்தாயா, இல்லை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாயா? கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நெனச்சேன்." "அப்ப நெனச்சதையெல்லாம் அந்தப் பக்கம் அடுக்கு மக்கா."

நானும் அன்று ராடு வாங்கத்தான் போயிருந்தேன். என் பெயர் அழகம்மை. தக்கலையில் எனக்கும் ஒரு பட்டறை உண்டு. அவளுடையது இரணியல் ஸ்டேஷன் பக்கம். ராடை வாங்கி, வெட்டி, கடைந்து, ஒரு தலைமுடிக் கனம்கூடப் பிசகாமல் பாகங்கள் செய்து கொடுப்பது எங்கள் இருவருக்கும் பிழைப்பு. நான் போய் எவ்வளவோ நேரமாகியும் எனக்கு ஒரு நாற்காலி போட ஆளில்லை. அவளுடைய பைக்குக்கூட நாற்காலி கிடைத்திருந்தது. வயிறு எரிந்ததா என்று கேட்டால், எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

இது இன்று நேற்று எரிவதில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வகுப்பில் நாங்கள் இரண்டே பேர்தான் பெண்கள். ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். வரைபடப் பாடத்தில் நான் முதல். அவளுக்கு நேர்கோடு போட்டாலே பென்சில் வழுக்கும். மார்க் ஷீட்டை வைத்துப் பார்த்தால் நான்தான் மேலே. ஆனால் தொழிலுக்கு வந்தபின் யாரப்பா மார்க் ஷீட் கேட்கிறார்கள்? என்னிடம் அவளைவிடப் புது மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்த லேத். பளபளவென்று பொம்மை மாதிரி நிற்கிறது. வருகிறவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம் அக்கா, மெஷின் அடிபொளி" என்று பாராட்டிவிட்டு நேரே இரணியலுக்கு வண்டியை விடுகிறார்கள்.

அங்கே என்ன கிடைக்கிறது என்று பார்க்க நானே ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். யாரோ ஒருவர் வரைபடத்தோடு வந்தார். நானாக இருந்தால் உடனே அளவுகளைப் பார்த்திருப்பேன். முத்துக்கனி வரைபடத்தை வாங்கி மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பிறகு பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி விசாரணையைத் தொடங்கினாள்.

"இது எங்கன கெடக்கும்? உப்புத்தண்ணியா, நல்ல தண்ணியா?"

"எதுகூட ஒரசும்?"

"சூடாவுமா?"

கடைசியாக, குரலைத் தாழ்த்தி: "ஒடஞ்சா யாருக்கு என்ன ஆவும்?"

இந்த நாலாவது கேள்வியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். வந்தவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். யாருக்கு என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இனி அந்த மனுஷன் வேறு பட்டறைப் படி ஏறுவாரா? இந்த வித்தை நமக்கும் வராதா என்று மறுநாளே என் பட்டறையில் ஒருவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "ஒடஞ்சா யாருக்கு என்ன ஆவும்?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது தோட்டத்து கேட்டுக்கு உள்ள கொண்டி அக்கா. ஒடஞ்சா மாடு உள்ள வரும்." எனக்கு வாய்த்தவர்கள் அப்படி.

விலை கூடினதை எடுத்துக் காட்டி ஆளை மயக்குகிற பழக்கமும் அவளிடம் இல்லை. அதில் ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கருங்கல் ஊரில் இருந்து ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின்காரர் ஒருவர் வந்து, ஷாஃப்ட்டும் எவர்சில்வர், அது ஓடுகிற புஷ்ஷும் எவர்சில்வராகவே வேண்டும் என்று நின்றார். "வீம்புக்குச் செய்யாண்டாம் அண்ணே. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணையொண்ணு கடிச்சிப் பிடிச்சிக்கிடும். புஷ்ஷுக்கு வெங்கலம் போரும்." அவர் தனக்குக் குறைந்த சரக்குப் போதும் என்று சொல்லிவிட்டாளே என்று கோபப்படவில்லை. ஒரு குலை மட்டிப்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தில் இரண்டை எனக்கும் தந்தாள். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது, சனியன்.

ஆளைப் பார்த்தால் இவ்வளவு தெரியாது. குட்டை. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை. ஞாயிறானால் பதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து நெற்றியில் வெள்ளை நாமத்தோடு பட்டறையைத் திறப்பாள். காகிதத்தில் கோடு இழுக்கத் தெரியாதவளுக்கு நாமம் மட்டும் எப்படி அவ்வளவு நேராக வருகிறதோ! சாவிக்கொத்தில் ஒரு காந்தம் தொங்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வாளியில் அந்தக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பாள். ஒட்டினால் விளம்புகிறவரிடம், "இது நல்ல எவர்சில்வர் இல்ல, கேட்டியளா" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள். அவளோடு ஒரே பந்தியில் உட்கார எனக்குக் கூச்சம். ஆனால் கூப்பிட்டு உட்கார வைப்பாள்.

இனி அந்த நெயில் பாலிஷ். அவள் விரல் நகங்கள் எப்போதும் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும். கைப்பையிலோ கலர் கலராக நெயில் பாலிஷ் சீசாக்கள். தக்கலையில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் பெண், இந்த அம்மா வீட்டில் தினமும் ஒரு நிறம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. அத்தனையும் ராடுக்கு. கடைகளில் ராடின் ஒரு முனையில் பெயிண்ட் அடித்து இன்ன ரகம் என்று காட்டுவார்கள். அந்த பெயிண்ட்டை அவள் நம்ப மாட்டாள். ரிமூவரைப் பஞ்சில் தொட்டு முனையைத் துடைத்துச் சுத்தம் செய்து, தன் நெயில் பாலிஷைப் பூசுவாள். 304 என்றால் ரோஸ். 316 என்றால் மெரூன். வெட்டும்போது பூசாத முனையிலிருந்துதான் வெட்ட வேண்டும். கடைசித் துண்டு மிஞ்சும்வரை அது யார் என்று தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவள் பட்டறைச் சட்டம். "பேரு தெரியாத ராடு ராடே இல்லட்டி, அது வெறகு" என்பாள்.

304, 316 என்றதும் பயந்துவிட வேண்டாம். இரண்டும் எவர்சில்வர்தான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். காந்தம் இரண்டையும் சீந்தாது. ஆனால் 304 கடல் தண்ணீரில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரித்துப் போகும். 316 தாங்கும். எனக்கும் அவளுக்கும் நடுவில் இந்த வருடம் நடந்த கூத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

குளச்சலில் எட்சன் என்று ஒருவர் விசைப்படகு என்ஜின்களுக்குத் தண்ணீர் பம்ப் செய்து கொடுக்கிறார். கடல் தண்ணீரை உறிஞ்சி என்ஜினைக் குளிர வைக்கிற பம்ப். அதன் ஷாஃப்ட் அரித்துப் போனால் பம்ப் நிற்கும், என்ஜின் சூடேறும், நடுக்கடலில் படகு நிற்கும். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குமுன் பம்புகள் தயாராக வேண்டும். சொன்ன தேதிக்கு நன்றாகச் செய்து கொடுத்தால் வருடம் முழுக்க அவருடைய வேலை எனக்கே. என் புது மெஷினுக்கு அப்படியொரு வேலை விழுந்தால்தான் நான் நிமிர முடியும். எட்சன் என் பட்டறைக்கே வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். இரணியல் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கடைசல் ஒங்க மெஷின்லயே ஓடட்டு அக்கா. ராடு மட்டும் முத்துக்கனி அக்கா பாத்து எடுத்துத் தரட்டு."

முகத்தில் வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது. நான் டிப்ளமோ இல்லையா? எனக்கு 316 தெரியாதா? கல்யாணம் எனக்கு, தாலி எடுத்துக் கொடுக்க அவளா? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "அதுக்கென்ன, அவ எனக்க கூட்டுக்காரிதானே" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று அபிலாஷ் பிறகு சொன்னான். ஷார்ஜாவில் பத்து வருடம் லேத் ஓட்டிவிட்டு வந்து என்னிடம் வேலை பார்க்கிறவன். "பல்லுவலி வந்த ஆளு மாதிரி இருந்துது மேடம்."

முத்துக்கனி தானே ஆட்டோவில் ஐந்து ராடு ஏற்றிக்கொண்டு வந்து என் ரேக்கில் அடுக்கினாள். ஐந்து முனையிலும் மெரூன். "எல்லாம் 316 ஆக்கும். பைய ஓட்டு. இது கொஞ்சம் பிசுபிசுத்த சாதனம், அவசரப்பட்டா டூலைத் தின்னிரும்" என்று எனக்கே பாடம் வேறு. அவள் போனபிறகு ரேக்கைப் பார்த்தேன். என் பட்டறை, என் ரேக், அதில் அவளுடைய ஐந்து மெரூன் பொட்டு. நாளைக்கு எட்சன் வந்தால் அவர் கண்ணுக்கு முதலில் படுவது என் மெஷினா, அந்தப் பொட்டா?

பெயிண்ட் கரைக்கிற தின்னர் டின்னை எடுத்தேன். துணியில் நனைத்து ஐந்து முனையையும் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். மெரூன் கரைந்து என் பெருவிரல் நக ஓரத்தில் இறங்கிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. போகட்டும் என்று விட்டேன். மனசு அப்படிக் குளிர்ந்துபோய் இருந்தது.

மறுநாள் மழை என்றால் மழை, ஆடிச்சாரல் இல்லை, கொட்டித் தீர்த்தது. ரேக்குக்கு நேர் மேலே ஷீட் ஒழுகியது. ராடு நனைகிறதே என்று அபிலாஷ் பொறுப்பாக எல்லாவற்றையும் இறக்கி உலர்ந்த மூலையில் அடுக்கிவிட்டான். அதே ரேக்கில் வேறு ஒரு வேலைக்கென்று நான் வாங்கிவைத்த 304 ராடு இரண்டு கிடந்தது. அதே கனம், அதே நீளம். அவற்றுக்கு முனையில் கடை பெயிண்ட் இருந்திருக்க வேண்டும். முந்தின வாரம் இரண்டிலும் அந்த முனையிலிருந்தே மாதிரிக்கு ஒவ்வொரு துண்டு வெட்டியிருந்தோம். தன் ஐந்து ராடுகளையும் முத்துக்கனி அதே நீளத்துக்கு வெட்டித்தான் வாங்கியிருந்தாள். இப்போது மூலையில் ஏழு ராடு மொட்டை மொட்டையாகக் கிடக்கிறது. "எது எதுன்னு தெரியுமா?" என்றேன். "ஸாரி மேடம். எனக்கு கலர்தான் தெரியும். கலரைக் காணல்ல" என்றான்.

ஏழையும் தட்டிப் பார்த்தேன். உரசிப் பார்த்தேன். ஒரு ராடை மோந்துகூடப் பார்த்தேன், வெட்கக்கேடு. இதில் ஐந்தைக் குத்துமதிப்பாக எடுத்துக் கடைந்துவிடலாம். எட்சனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, படகு நிற்கிறவரைக்கும். நாலாவது கேள்வி தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் அவள் குரலிலேயே. வேறு வழியில்லாமல் போன் செய்தேன்.

ஸ்கூட்டரில் மழைக்கோட்டோடு வந்து இறங்கினாள். ஏழு முனையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். 

"எனக்க மெரூன் எங்கட்டி?"

"மழையில அழிஞ்சிருக்கும்."

"நெயில் பாலிஷ் மழைக்குப் போவுமா? கண்டியா, நெனச்சியா?"

"நெனச்சேன்" என்றேன். கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ராடுகளைப் பார்த்தே இது அது என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு பயம் எனக்கு. சொல்லிவிட்டால் ஊர் முழுக்க அந்தக் கதைதான் ஓடும். நல்லவேளை, அவளுக்கும் தெரியவில்லை. "இதைக் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. ஏழுலயும் ஒரு வில்லை வெட்டு. ராடுலயும் வில்லையிலயும் நம்பர் குத்து. சூசை அண்ணன்கிட்ட போவோம்." சூசை கருங்கல் ரோட்டில் பழைய இரும்பு எடுப்பவர். உடைந்த படகுச் சாமான்களில் எது நல்ல எவர்சில்வர் என்று பிரிக்க ஒரு மெஷின் வைத்திருக்கிறார். துப்பாக்கி மாதிரி இருக்கும். உலோகத்தில் வைத்து அழுத்தினால் என்ன ரகம் என்று சொல்லிவிடும்.

பழைய நங்கூரங்களுக்கும் ஃபேன் இறக்கைகளுக்கும் நடுவில் ஏழு வில்லைகளையும் வரிசையாக வைத்தார் சூசை. ஐந்து 316, இரண்டு 304 வர வேண்டும். துப்பாக்கியை ஒவ்வொன்றாக வைத்தார். 316. 304. 316. 316. 304. 316. கடைசி வில்லை. எனக்குப் பெருமூச்சு வரத் தயாராக இருந்தது.

"304" என்றார் சூசை.

முத்துக்கனி துப்பாக்கியை வாங்கித் தானே வைத்துப் பார்த்தாள். 304. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்க 304 எத்தனை?"

"ரெண்டு."

"கண்டியா, நெனச்சியா?"

"கண்டேன். நானேதான் வாங்கிட்டு வந்தேன். ரெண்டே ரெண்டு."

அவள் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். "அப்ப தப்பு எனக்கதாக்கும்" என்றாள். "அன்னிக்கு இங்கன கொண்டு வந்து ஒண்ணைத்தான் வச்சுப் பாத்தேன். மத்ததும் ஒரே கட்டுதானேன்னு மெரூன் மை போட்டேன். நெனச்சிட்டேன்."

சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். எனக்குள் பட்டாசு வெடித்தது. முத்துக்கனிக்குத் தப்பு! ராடு உருட்டுகிறவளுக்கு, சாம்பார் வாளியில் காந்தம் ஒட்டுகிறவளுக்குத் தப்பு! நான் அந்த மெரூனைத் துடைக்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்தாவது ராடும் ஷாஃப்ட்டாகிக் கடலுக்குப் போயிருக்கும். இதை எட்சன் காதில் எப்படிப் போடலாம், இன்றைக்கா நாளைக்கா, போனிலா நேரிலா என்று என் மனசு அதற்குள் குளச்சல்வரை போய்விட்டது.

அவள் போனை எடுத்துவிட்டாள். என்னை முந்திவிட்டாள். சூசை, நான், எடைக்கல் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் எல்லோரும் கேட்கிற சத்தத்தில் பேசினாள்.

"எட்சா, முத்துக்கனியாக்கும். ஒனக்கு எடுத்த ராடுல ஒண்ணு 304. நான்தான் பாக்காம மை போட்டுட்டேன். ஆமா, எனக்க தப்பு. இல்ல, இன்னும் கடையல்ல, பயப்படாண்டாம். அழகம்மை எல்லாத்தையும் வெட்டி டெஸ்ட்டுக்குக் கொண்டு வந்தா. அதுனால மாட்டிச்சு. கேளு, இனி ராடும் அவளே எடுக்கட்டு. நடுவுல நான் என்னத்துக்கு? அவ பாத்துக்கிடுவா."

அந்தப் பக்கம் எட்சன் என்னவோ சொன்னார். "ஆமா, நான் சொல்லுகேன் இல்லியா" என்று போனை வைத்தாள். அவள் சொன்னால் போதும். தப்புச் செய்தேன் என்று சொல்கிற அதே வாயால் சொன்னாலும் போதும். வருட வேலை எனக்கு, ராடும் என் பொறுப்பு, நடுவில் அவள் இல்லை. நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. இதற்கு முன் எனக்கு எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை. பழைய இரும்புக்கு நடுவில் டயரில் உட்கார்ந்திருக்கிற இந்தக் குட்டைப் பொம்பளையைப் பார்த்து அன்றைக்கு எரிந்ததுதான் எரிச்சல். எனக்கு ஏன் அந்த வாய் இல்லை?

"சரி வாட்டி, மழை விட்டிருக்கு" என்று எழுந்தாள். நாலு வில்லையைப் பொறுக்கினாள். கைப்பையைத் திறந்தாள். மெரூன் சீசாவை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

எடுத்தது ரிமூவர். பஞ்சில் நாலு சொட்டு நனைத்துக்கொண்டாள். துப்பட்டாவுக்குள் இருந்த என் வலது கையை வெளியே இழுத்து, தன் உள்ளங்கையில் வைத்து, பெருவிரல் நக ஓரத்தில் ஒட்டியிருந்த மெரூனைக் கொஞ்சமும் மிச்சமில்லாமல் துடைத்தாள்.